மாடி அறையைக் காலிசெய்யச் சொன்ன தம்பிக்கு

அன்பும் அறிவும் அவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக அவசரமும் கொண்ட என் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் சுகம். என் முழங்கால் மட்டும் உன் முழங்காலை விசாரித்ததாக எழுதச் சொன்னது. உன் கடிதம் வந்தது. கோபத்தில் எழுதினாலும் உன் எழுத்து முத்துமுத்தாகத்தான் இருக்கிறது, அதற்கு என் ஆசி. நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் பெரியவள் எழுதுகிற கடிதத்தில் முதலில் நல்ல செய்திதான் ஏற வேண்டும் என்பதால், பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மூத்த பேரன் கப்பலில் இரண்டாம் என்ஜினியர் ஆகிவிட்டான். கப்பல் ஓடுவதே அவன் கையில்தான், கேப்டன் மேலே நின்று கடலை வேடிக்கை பார்க்கிறார் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அவன் தம்பி கார் ஓட்டும் தேர்வில் ஒருவழியாகத் தேறிவிட்டான். இதற்கு முன் தேறாததற்குக் காரணம் தேர்வு வைத்தவர்களின் பொறுமையின்மை. மகளின் இரட்டைப் பெண்களில் ஒருத்தி நீச்சலில் வெண்கலம் வாங்கினாள். மற்றவள் தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று கடைசிவரை நின்றாள், அந்த உறுதிக்கும் ஒரு பதக்கம் போட்டிருக்கலாம். இனி என் மகன் பெற்ற மகள், நம் வக்கீல் பேத்தி. அவளுக்கு ஒரு பத்தி போதாது. சட்டத்தில் பட்டம் வாங்கியது பற்றாதென்று உலகத்துச் சட்டங்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறாள். உலகத்தில் இத்தனை நாடுகள் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது பூகோளப் புத்தகத்தில் பாதி பாக்கி இருந்தது.

என்ன சட்டம் என்று கேட்பாய். ஆஸ்பத்திரி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளும் கேட்டாள். சொத்துச் சட்டமா என்றாள், இல்லை என்றேன். வரிச் சட்டமா என்றாள், அதுவும் கொஞ்சம் வரும் என்றேன். பிறகு அவள் காதோடு சொன்னேன்: உடம்பை விற்கிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எந்தெந்த நாட்டில் என்னென்ன சட்டம் என்பதுதான் ஆராய்ச்சி. அந்த அம்மாள் தன் நம்பரைக்கூட விட்டுவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனக்கும் முதலில் வாய் கூசியதுதான், பொய் சொல்வானேன். ஆனால் பேத்தி அந்தச் சொல்லை உப்பு, புளி என்று சொல்வதுபோலச் சொல்கிறாள். பாலியல் தொழிலாளி என்றுதான் எழுத வேண்டுமாம், பாட்டிக்குத் தெரிந்த மற்ற சொற்கள் எல்லாம் வசவாம். அதனால் நானும் இங்கே அப்படியே எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் மற்ற சொல்லைப் போலத்தான் இருக்கிறது.

தம்பி, அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரே காரியம், எல்லை தாண்டினால் வேறு வேறு கணக்கு. சில நாடுகளில் விற்றாலும் சிறை, வாங்கினாலும் சிறை. இன்னும் சில குளிர் நாடுகளில் விற்பது குற்றமில்லை, வாங்குவதுதான் குற்றம். அதாவது கடை திறந்திருக்கலாம், உள்ளே கால் வைக்கிறவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வேறு சில இடங்களில் உரிமம் உண்டு, பதிவு உண்டு, வரியும் உண்டு. அடுத்தது இன்னும் விசித்திரம். அவள் செய்வது குற்றமில்லையாம், ஆனால் அதற்கு வீடு கொடுத்தவன் குற்றவாளி, ஆள் பிடித்துத் தந்தவன் குற்றவாளி, அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்ட வளர்ந்த பிள்ளைகூடக் குற்றவாளியாம். நிற்கலாம், ஆனால் கால் தரையில் படக்கூடாது என்பது போல. கடைசியாக, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்களில் மட்டும், இதுவும் மற்ற வேலையைப் போல ஒரு வேலை, கட்டாயப்படுத்தினால்தான் குற்றம், பிள்ளைகளை இழுத்தால் பெருங்குற்றம் என்று வைத்திருக்கிறார்களாம்.

இதையெல்லாம் ஒரே பார்வையில் காட்ட, கதவு அகலத்துக்கு ஒரு உலகப் படம் வாங்கி வந்தாள். ஒவ்வொரு நாட்டின் மேலும் பென்சிலால் ஒரு எண் போட்டாள். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு மஞ்சள், மூன்றுக்கு நீலம், நான்குக்கு ஆரஞ்சு, ஐந்துக்குப் பச்சை. வண்ணம் தீட்டும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறாய்? உன் அக்காவுக்குத்தான். சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து, பெருங்கடல்களின் மேல் டம்ளர்களைப் பாரம் வைத்து, கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு போகாமல் தீட்டினேன். பேத்தியின் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்யாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது பாதி உலகம்தான் முடிந்திருந்தது.

இனி உன் விஷயம். மாடி அறையில் குடியிருப்பவள் இன்ன தொழில் செய்கிறாள், உடனே காலிசெய்யச் சொல், இல்லாவிட்டால் நானே வந்து பூட்டுவேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இதைச் சொன்னது தெருச் சங்கத்துச் செயலாளர் என்றும் தெரியும். அவர் சொன்னது உண்மைதான். அவள் என்னிடம் மறைக்கவில்லை. குடிவந்த புதிதில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "சொன்னா வீடு தர மாட்டீங்க பாட்டிம்மா, சொல்லாட்டி பொய்யாயிடும், என்ன பண்ணட்டும்?" என்றாள். சொல்லு என்றேன், சொன்னாள். இங்கே யாரையும் அழைத்து வரக்கூடாது என்றேன். "வீட்டுக்கு ஆபீஸ் வேலையை யாராவது தூக்கிட்டு வருவாங்களா?" என்று கேட்டாள். அன்று முதல் இன்றுவரை அந்தப் படியில் ஒரு ஆண் செருப்பு ஏறியதில்லை, குழாய் ரிப்பேர்க்காரரைத் தவிர. அவரும் நான் அனுப்பியவர்.

அவள் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நான் அணைக்க மறந்தால் மாடியிலிருந்தே என் பரம்பரையை விசாரிப்பாள். நானும் அவளுடைய ரேடியோவை விசாரிப்பேன். ஆனால் என் முழங்கால் மடங்க மாட்டேன் என்று நின்ற காலத்தில், மருந்து வாங்கி வந்து, தைலத்தைத் தேய்த்துவிட்டு, "கிழவிக்கு வாய் மட்டும் முடங்கல" என்று திட்டிக்கொண்டே போனவள் அவள்தான். உன்னை நான் குறை சொல்லவில்லை, நீ தூரத்தில் இருக்கிறாய்.

நான் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் சண்டைக்காகக் கீழே வந்தவள், படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பேத்தி ஒவ்வொரு நிறமாக விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தனை கலர் இருக்கே, எதையாவது எங்களைக் கேட்டுட்டு அடிச்சாங்களா?" என்றாள். பேத்தி படத்தின் மேல் விரலை ஓட்டித் தேடினாள். நான் பெருமையாக வளர்த்த வக்கீல் ஒரு பதிலுக்காக உலகத்தையே தேடியது அன்றுதான். பிறகு, "ஒரு தீவு நாட்டுல கேட்டாங்க அக்கா. சட்டம் எழுதறப்போ அவங்களையும் கூட உட்கார வச்சாங்க" என்றாள். அது எந்த நிறம் என்று இவள் கேட்டாள், பச்சை என்றாள் பேத்தி. "அப்போ அதை நல்லா அழுத்தி அடிங்க பாட்டிம்மா" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை மறந்து மாடியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் பேத்தி வெளியூர் நூலகத்துக்குப் போனாள். நான் மீதி உலகத்தையும் முடித்து, படத்தை முன்னறைச் சுவரில் மாட்டினேன். நாலைந்து நாள் கழித்துச் சங்கச் செயலாளர் வந்தார், கூடவே தெருமுனை மருந்துக்கடைக்காரர். செயலாளர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தும்முவதற்குக்கூட ஒரு ஃபைல் வைத்திருப்பார். குடும்பங்கள் இருக்கிற தெரு, பெயர் கெடுகிறது, சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்றெல்லாம் நிறுத்தாமல் பேசினார். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், அவளுடைய தொழிலை முதலில் கண்டுபிடித்தது யார் என்று மட்டும் கேட்டேன். மருந்துக்கடைக்காரர்தான், நேரிலேயே பார்த்தாராம் என்றார். எங்கே பார்த்தார் என்றேன். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க மஞ்சள் நாட்டுல பொறந்திருந்தா இப்ப அவ சாட்சி, நீங்கதான் குற்றவாளி" என்று சுவரைக் காட்டினேன். அங்கே ஆரம்பித்தவள், குச்சியை எடுத்துக்கொண்டு வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை ஒரு நாடு விடாமல் விளக்கிவிட்டேன். இருவரையும் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன், அவர்களும் நின்றே கேட்டார்கள். கடைசியில் நம் நாட்டின் மேல் குச்சியை வைத்து, பச்சை, பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே இது மற்ற வேலையைப் போல ஒரு வேலை, சட்டம் அவள் பக்கம், எழுதியவள் என் பேத்தி என்று முடித்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம நாடு இவ்வளவு முன்னேறிடுச்சா?" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஃபைலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். மருந்துக்கடைக்காரர் அவருக்கு முன்பே போய்விட்டார்.

ஆகையால் தம்பி, நீ பூட்டு வாங்க வேண்டாம். பத்திரம் உன் பெயரில் இருக்கிறதே என்று கலங்காதே, உன்மேல் ஒரு தூசு படாது. உலகமே நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, உன் பேத்தி அதை உள்ளங்கையில் வைத்திருக்கிறாள், உன் அக்கா அதற்கு நிறம் கொடுத்தவள். உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. கோபத்தைக் குறைத்து, உப்பையும் குறைத்து, நெடுநாள் இரு.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்ததில் இடுப்பு சாய்ந்துபோன
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பேத்தி ஊரிலிருந்து வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் படத்தின் முன்னால் நின்றவள், "பாட்டி, நம்ம நாட்டுக்கு நாலுன்னுதானே போட்டிருந்தேன், ஏன் பச்சையா இருக்கு?" என்றாள். நான்குதான் போட்டிருந்தாள், நானும் பார்த்தேன். ஆனால் ஆரஞ்சுப் பென்சில் நகக்கண் அளவு தேய்ந்துபோயிருந்தது. நம் நாட்டுக்குப் போய் அந்தத் துண்டுப் பென்சிலால் மங்கலாக அடிப்பதா என்று மனம் வரவில்லை. இருப்பதிலேயே நல்ல நிறமாகப் பார்த்து, அழுத்தி அடித்துவிட்டேன். அடித்துச் சுவரில் மாட்டிய பிறகு தினம் பார்த்துப் பார்த்து எனக்கே அதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது. பேத்தி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். இதைக் காட்டித்தான் செயலாளரை அனுப்பினேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். சின்னத் தாத்தா பெயரில் என்றேன். அவள் குடியிருப்பது குற்றமில்லை, இங்கே தொழில் நடந்தால்தான் வழக்கு, ஆனால் நடக்கிறது என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் போலீஸ் முதலில் தேடுவது வீட்டுக்காரரைத்தானாம். ஆகவே மேலே நான் எழுதியதில் கப்பல், கார், நீச்சல் மூன்றும் சரி. தூசு படாது என்று எழுதினேனே, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் படி.

இதைக் கேட்டுக்கொண்டே மாடிக்காரி பெட்டியோடு இறங்கி வந்தாள். "உங்களுக்கு எதுக்குத் தொல்லை, நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன், பெட்டியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டாள். தம்பி, சட்டம் பச்சை என்று நம்பித்தான் அன்று அவ்வளவு தைரியமாகப் பேசினேன். ஆரஞ்சு என்று தெரிந்த பிறகும் வாயில் அதே பேச்சுதான் வந்தது. "பெட்டியை மேலே வைடி, மோட்டாரை அணைக்க ஆள் வேணும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, மோட்டாரைப் போடத் தெரிந்த கிழவிக்கு அணைக்கத் தெரியாதா என்று முணுமுணுத்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

முறையாக வாடகை ஒப்பந்தம் எழுதி, குடியிருக்க மட்டும் என்று குறித்து, நாமே முந்திக்கொண்டு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரருக்குப் பயமில்லை என்று பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் எழுத்தைப் பார்த்தால் நீதிபதியே எழுந்து நிற்பார். அதில் வீட்டுக்காரரின் படம் ஒட்ட வேண்டுமாம். என்னிடம் இருப்பது உனக்கு மீசை முளைக்காத காலத்துப் படம், போலீஸ் நம்பாது. நல்ல சட்டை போட்டு, முகத்தில் கொஞ்சம் தைரியமும் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பு.