சசிகுமாரின் சிறுகுடல் சாம்பிள்

"நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி பண்ணத்தானே போறோம். குழாய் உள்ளே போறப்ப சிறுகுடல்ல இருந்து கொஞ்சம் நீர் சாம்பிள் எடுத்துக்கட்டுங்களா?" என்று டாக்டர் கீதாஞ்சலி கேட்டார். "பனியன் கம்பெனிக்காரங்க குடல்ல என்னென்ன நுண்ணுயிர் இருக்குதுன்னு ஒரு ஆராய்ச்சிங்க."

சாம்பிள் என்றதுமே சசிகுமார் நெஞ்செரிச்சலை மறந்துவிட்டார். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் சாம்பிள் செக்ஷன் இன்சார்ஜ். பத்தொன்பது வருஷத்தில் அவர் அனுப்பிய ஒரு சாம்பிள் பீஸ்கூட வெளிநாட்டுப் பையரிடமிருந்து ரிஜெக்ட் ஆகித் திரும்பியதில்லை. மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். நீட்டிய தாள்களில் உற்சாகத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அவர் பீஸ் ரிஜெக்ட் ஆகாததன் காரணம் கம்பெனியில் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லாருக்கும் தெரியும். பையருக்குப் போகும் முதல் பீஸை, நல்ல டைலராகப் பார்த்துத் தனியாக உட்காரவைத்துத் தைப்பார். அப்ரூவல் வந்தபின் லைனில் மொத்தமாகத் தைத்து ஓடும் பீஸ்களைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இப்போது பீஸ் அவர் வயிறு. மனைவி தாராபுரத்தில் டீச்சர் என்பதால் மூன்று வேளையும் கம்பெனி மெஸ்தான். நேரே போய்ச் சமையல்கார மருதம்மாளைப் பிடித்தார்.

"அக்கா, மூணு வாரத்துக்கு எனக்கு மட்டும் தனியா ஆக்கோணும். மண்சட்டி, விறகடுப்பு, மசாலா அம்மியில அரைக்கோணும். எண்ணெய் பேருக்குத்தான்."

"எரநூறு பேருக்கு ஆக்கறதுக்கு நடுவுலீங்களா?"

"ஆராய்ச்சிக்குப் போற வயிறுங்க்கா."

மருதம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரிங்க சார்" என்றாள்.

முதல் நாள் சாப்பாடு தனித் தூக்குப்போசியில் வந்தது. சசிகுமார் ருசித்துப் பார்த்து, "இதே மாதிரி கடைசி வரைக்கும் வரட்டும்" என்று ஓகே சொன்னார். அன்றிலிருந்து தினமும் அதே போசி. இரண்டாம் வாரத்தில் வயிறு பஞ்சு மாதிரி இருப்பதாகவும், மண்சட்டி வாசமே தனி என்றும் செக்ஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு, பச்சை அங்கியோடு, மாப்பிள்ளைக் களையோடு படுக்கையில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஜெயபாரதி தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு வாரமா எப்பவும் சாப்பிடறதுதானே சாப்பிட்டீங்க?"

"அதெப்படிங்க? எல்லாம் ஸ்பெஷலுங்க."

பேனா நின்றது. "அப்ப சாம்பிள் எடுக்க முடியாதுங்க. சாப்பாட்டை மாத்தக்கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்குதே. எண்டோஸ்கோப்பி மட்டும் பண்ணிக்கலாம்."

பத்தொன்பது வருஷத்தில் முதல் ரிஜெக்ட். அதுவும் சொந்த வயிறு. சசிகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சும்மா பெருமைக்குச் சொன்னேனுங்க. தினமும் புரோட்டாதான்."

"தாள்ல கம்பெனி மெஸ்னு போட்டிருக்குதே. மெஸ்லயே புரோட்டாவுங்களா?"

"இல்லீங்க, வெளியில."

"அப்ப அதுவும் வழக்கமான சாப்பாடு இல்லீங்களே" என்று ஜெயபாரதி ஏதோ அடித்து எழுதினாள்.

"வேணும்னா இப்பவே கேண்டீன்ல மெஸ் சாப்பாடு மாதிரி ஏதாச்சும் தின்னுட்டு ஓடியாந்தர்றேன்."

"தின்னீங்கன்னா எண்டோஸ்கோப்பியும் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

சசிகுமார் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். "மருதம்மாக்கா, யார் கேட்டாலும் நான் எல்லாரும் தின்னதைத்தான் தின்னேன்னு சொல்லோணும்" என்று கிசுகிசுத்துவிட்டுத் தலையைத் தூக்கினால், எதிரே டாக்டர் நிற்கிறார்.

டாக்டர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்கம்மா, இவர் மூணு வாரமா என்ன சாப்பிட்டார்?"

"எல்லாரும் தின்னதேதானுங்க."

"சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

இனி மறைத்துப் பயனில்லை. சசிகுமார் கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, உள்ளதையே சொல்லீருங்க."

மறுமுனையில் கரண்டி கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உள்ளதுதானுங்க டாக்டரம்மா. மொத நாள் மட்டும் மண்சட்டியில தனியா ஆக்குனேன், சார் ருசி பார்த்து அப்ரூவல் குடுத்துட்டாருங்க. அப்புறம் அண்டாச் சோத்தையே போசியில போட்டு அனுப்பிச்சேன். நம்ம கம்பெனில சாம்பிள் ஓகே ஆனதுக்கப்புறம் யாருங்க அதே மாதிரி பண்றாங்க?"