கால்எண்ணி அண்ணாச்சி

வந்த ஆளை மருந்து கொடுக்காமல் விரட்டியே பேர் வாங்கிய கடைக்காரர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கோவில்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார்.

"செடியில பூச்சி விழுந்துட்டு, மருந்து தாங்க" என்றால் கையை நீட்டுவார். "பூச்சி எங்க?" கொண்டுவராதவனுக்கு மருந்து கிடையாது. கொண்டுவந்தால் பூதக்கண்ணாடியை வைத்துக் காலை எண்ணுவார். ஆறு கால் இருந்தால்தான் அது பூச்சி. எட்டு இருந்தால் சிலந்திக்குப் பங்காளி, அதற்கு மருந்தே வேறு. ஊர்க்காரர்கள் அவருக்குக் கால்எண்ணி அண்ணாச்சி என்று பேர் வைத்ததில் என்ன தப்பு?

கல்யாணப் பந்தியிலும் இந்தப் புத்தி போகாது. கத்தரிக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்குப் பொரியல், தக்காளிப் பச்சடி மூன்றும் இலையில் விழுந்ததும், "ஏலே, ஒரே குடும்பத்தையே வரிசையா உக்கார வச்சிருக்கீங்களே, வேற ஆளே கிடைக்கலையா?" என்றார். மூன்றின் பூவையும் பார்த்தால் உறவு தெரியுமாம். சாம்பார் வாளிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

பசுவந்தனையில் எனக்கு இரண்டு ஏக்கர் கரிசல். மானாவாரி மிளகாய், வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. போன மார்கழியில் இலையெல்லாம் மடங்கிப்போக, பதறிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மேல்பக்கம் சுருளுதா, கீழ்ப்பக்கமா?"

"ஏதோ ஒரு பக்கம்! செடி சாவுது, நீங்க கதை கேக்குதீய."

"செடியக் கொண்டாரும். பொறவு பேசுவோம்."

எனக்கு வந்ததே கோபம்! அடுத்த கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன். ஒரே வாரத்தில் பாதி வயல் குறுகிப்போனது. தொலைந்தோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, டவுன்பஸ்ஸிலிருந்து அண்ணாச்சி இறங்கி வந்தார். அதுவும் கடையைப் பூட்டிவிட்டு!

"செடியோட வருவீருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காணும்."

செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொள்ள, மண்டியிட்டு ஓர் இலையைத் திருப்பிக் கண்ணாடியை வைத்தார். "எட்டு" என்றார். எனக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. "நீரு அடிச்ச மருந்து இதத் திங்கிற பூச்சியக் கொன்னுட்டு. இதுக்கு இப்பம் கொண்டாட்டம்." பையிலிருந்து கந்தகப் பொடியை எடுத்தார். கலக்கும் அளவை மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். பாவி மனுஷன், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பத்துப் பதினைந்து நாளில் புதுத் துளிர் மடங்காமல் விரிந்தது. வயலுக்கு நடுவே நின்று அழுதேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

பங்குனியில் பழம் பறித்தோம். எங்கள் வீட்டில் முதல் கூடை எப்போதும் அக்காவுக்குத்தான் போகும். நான் கூடையோடு கோவில்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பியதும், "உங்க அக்கா வீடு அங்கன இல்லையே?" என்றாள் மனைவி.

"அக்காவுக்கு அடுத்த கூடை" என்றேன்.