ரொசாலியா விழுங்கிய குளிசைகள்

உயிரே போனாலும் ஒரு குளிசை விழுங்குவதில்லை என்று அலோசியஸ் சபதம் எடுத்தார். எலும்புச் சோதனைப் படத்தைப் பார்த்த டாக்குத்தர், எலும்பு மெலிந்துவிட்டது, நாளுக்கொரு கால்சியம் குளிசை, விற்றமின் டியும் சேர்ந்தது, என்று சொன்ன நிமிடமே எடுத்த சபதம் அது. குளிசையோ காளை மாட்டுக்குக் கொடுக்கிற அளவு.

அளவுக்கு அவர் பயப்படவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் அவர் பராமரிக்கிற முதியவர் சிஞ்ஞோர் கார்மெலோவுக்கு மருந்துப் பெட்டியைத் திறந்து நீட்டுவது அவர்தான். நீட்டுகிற கை வாங்குகிற கையாகிவிட்டால் அலோசியஸும் கிழவன்தானே! சிஞ்ஞோர் வாயை இறுக மூடிக்கொள்வார். இவரா விடுவார்? டாக்குத்தரிடம் கேட்டுக்கொண்டு, குளிசையை இடித்து, றிகோத்தா பாற்கட்டியில் தேன்விட்டுக் குழைத்து ஊட்டிவிடுவார்.

"மனுசன் நக்கி நக்கித் தின்னுது. அறியவே மாட்டுது!" என்று வீட்டுக்கு வந்து மனைவி எமிலியானாவிடம் மார்தட்டுவார்.

புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குப் போகிற பேச்சில் எமிலியானா ஒரே பிடியாக நின்றாள்.

"குளிசை போட்டு எலும்பு தேறினால் மலைக்கு நடந்து போவம். இல்லாட்டி பஸ்."

"பஸ்ஸிலையோ? சாந்தா ரொசாலியாவிட்டையோ? என்னை ஆரெண்டு நினைச்சாய்?"

"விழுந்து இடுப்பு முறிஞ்சால் ஆர் தூக்கிறது? நானோ?"

"நான் உன்னைத் தூக்கினனான்தானே!"

அது உண்மை. பலெர்மோவுக்கு வந்த முதல் வருஷம், பெல்லெக்ரினோ மலைப்பாதையில் எமிலியானாவின் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு வாறன் என்றவளை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். இறங்கி வந்து கபோ சந்தைக்கு மேலிருந்த ஒற்றை அறையில், மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவே, ஒரு கிண்ணம் றிகோத்தாவைச் சீனி போட்டுத் தின்றார்கள். இருவருக்கும் ஒரே கரண்டி. அந்த அறை போய், பிள்ளைகளும் வளர்ந்து மிலானோ போய், இப்போது வீட்டில் கரண்டிக்குக் குறைவில்லை. அந்த நாளை நினைத்தால் அலோசியஸுக்கு ஒரே ஆசைதான். இன்னும் ஒருதரம் அவளோடு அந்த மலையை நடந்து ஏறிவிட வேண்டும்.

மலையும் வேண்டும், சபதமும் வேண்டும். அதற்கு வழி வீட்டுப் பீடத்திலேயே நின்றது. வுச்சீரியா சந்தையில் வாங்கிய ரொசாலியா சிலைக்கு உள்ளே பொள்ளல், அடியில் றப்பர் மூடி. காலையில் எமிலியானா தருகிற குளிசையை உள்ளங்கையில் ஒதுக்குவார். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பார். பிறகு செபம் சொல்லப் பீடத்துக்குப் போவார். குளிசையை ரொசாலியா விழுங்குவாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப நல்லாச் செபம் சொல்லுறியள்?"

"வயசு போகுதெல்லோ."

மாதங்கள் ஓடின. சிலை மட்டும் நிரம்பவேயில்லை. புனிதையின் வயிறல்லவா என்று அலோசியஸ் கும்பிட்டுக்கொண்டார்.

வீட்டில் அதைவிடப் பெரிய புதுமை ஒன்று நடந்தது. எமிலியானா பழைய எமிலியானா ஆகிவிட்டாள். மாலையானால் ஒரு கிண்ணம் றிகோத்தாவோடு வந்து பக்கத்தில் இருப்பாள்.

"என்னடியப்பா, கபோ அறை ஞாபகமோ?"

"ஓம். ஆவெண்டுங்கோ."

ஊட்டிவிட்டாள். ஒரே கரண்டி. அலோசியஸுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனுசிக்குத் தன்மேல் இவ்வளவு ஆசையா!

அடுத்த கோடையில் டாக்குத்தர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு தேறியிருக்கிறது, குளிசையை விடாதே என்றார். அலோசியஸ் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

செப்ரெம்பரில் மலைக்கு நடந்தே போனார்கள். செருப்பு அறுந்த வளைவில் எமிலியானா அவருடைய கையைப் பிடித்தாள், உச்சிவரை விடவில்லை. கீழே கடலும் நகரமும் தெரிந்தன. சந்தோஷம் தாங்காமல் மனிதர் வாயைத் திறந்துவிட்டார்.

"எமிலி, ஒரு உண்மை சொல்லட்டே? ஒரு குளிசைகூட நான் விழுங்கேல்லை. எல்லாம் ரொசாலியாவின்ரை வயித்துக்கை. இது என்ரை சொந்த எலும்படி!"

எமிலியானா செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

"சனிக்கிழமையிலை ரொசாலியாவைத் தூக்கித் துடைக்கிறது ஆர்?"

அலோசியஸ் உதட்டைத் துடைத்தார்.

"மனுசன் நக்கி நக்கித் தின்னுது," என்றாள் எமிலியானா. "அறியவே மாட்டுது."