எழுதாத பேனா

புத்திசாலித்தனத்தைக் காட்டக் கூடாத இடங்கள் சில உண்டு. அதில் முதலாவது சோதனைச் சாவடி. யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்தில் எனக்கு அது தெரியாமல் போனது.

அப்போது கண்டியில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் டிஜிட்டல் வெண்பலகையில் சொற்களை இழுத்துப் படத்தோடு சேர்ப்பதை இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோக்குக்கட்டியைத் தொடவே கூச்சம். வாங்க வசதியில்லை, நானே செய்தேன். சுவரில் புரொஜெக்டர் படம் விழும். பேனாவின் ஒளியை ஒரு வீடியோ கேம் ரிமோட் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். பேனா? காலி மார்க்கருக்குள் ஒரு பற்றரி, வயர், பொத்தான், பழைய டிவி ரிமோட்டில் கழற்றிய பல்பு. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. (பற்றரி, வயர், பொத்தான், வைத்திருப்பவனுக்குத் தமிழ்ப் பெயர். எனக்கு மட்டும்தான் அதில் ஆங்கிலப் பாடம் தெரிந்தது.)

அதை வைத்து முதல் வகுப்பு நடத்த, ஊரான கலஹாவிலிருந்து பஸ் ஏறினேன். வயிற்றில் மூத்தவளோடு என் மனைவி செல்வியும் ஆஸ்பத்திரிக்குப் போக அதே பஸ்ஸில் வந்தாள். பேராதனைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரர் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என்ன இது?" என்றார் சிங்களத்தில்.

"பேனா சேர்."

"எழுது."

"எழுதாது சேர். வெளிச்சம் அடிக்கும்."

"அடி பார்ப்போம்."

"அடிச்சாலும் தெரியாது சேர்."

அத்தனையும் உண்மை. படிப்பிக்கிற வாய் சும்மா இருக்குமா? "இந்தா, இப்படி அழுத்தினா..." என்று அழுத்தியும் காட்டினேன்.

ஆமிக்காரர் தரையில் பாய்ந்தார். வரிசையே விழுந்தது. செல்வி மட்டும் விழ முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். மறுநொடி என் முகம் தார் ரோட்டில், பிடரியில் துப்பாக்கி.

"போன் கமராவுல பாருங்க சேர், அதுல தெரியும்!" என்று செல்வி சிங்களத்தில் கத்தினாள். (வீட்டில் அவளுக்கு அலுக்க அலுக்க நான் காட்டிய வித்தை.) கத்தியபடியே போனை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள். இன்னொரு துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது. அவளைச் சுட்டால் அது நான் சுட்டதுதான் என்று நினைத்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

அதிகாரி அவளைக் கையை எடுக்கச் சொன்னார். என்னைத் தனியே நிறுத்தி மறுபடி அழுத்தச் சொல்லிவிட்டு, எல்லாரும் மணல் மூட்டைக்குப் பின்னால் போனார்கள். அவருடைய போனில் ஊதாவாக ஒரு புள்ளி தெரிந்ததாம். ஒருவரும் சிரிக்கவில்லை. பேனாவைப் பூட்ஸால் நசுக்கிவிட்டு எங்களைப் பின்னேரம் வரை வெயிலில் உட்காரவைத்தார்கள்.

மூத்தவள் இப்போது டேப்லெட்டில் ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறாள். நான் வெளியே கிளம்பினால், "அப்பா, பேனா எழுதுமா?" என்பாள். வீடே சிரிக்கும். செல்வியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.