ஒரு "வாரேன்" வழியவிட்ட ஆசிட்

வில்லாபுரம், மதுரை
11.8.1999

பெருமதிப்புக்குரிய ராஜகுரு மாமாவுக்கு, மருமகன் கார்த்திகேஷ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், படியேறும்போது மட்டும் நெஞ்சு எரிகிறது. பரமக்குடியில் தாங்களும் அத்தையும் அந்த எரிச்சல்கூட இல்லாமல் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலில் நன்றி. கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்து ஒரு வருடம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவனை உங்கள் சிநேகிதர் ஜனகராஜ் சாரின் கம்பெனியில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்த்துவிட்டீர்கள். அவனியாபுரம் தாண்டி, சாயப்பட்டறைகளுக்கு ஆசிடும் பிளீச்சிங் திரவமும் சப்ளை செய்யும் இடம். விபத்து எப்படியெல்லாம் வரலாம் என்று படம் போடுவதுதான் என் வேலை. உச்சியில் விபத்து, அதற்குக் கீழே காரணங்கள், காரணங்களுக்குக் காரணங்கள் என்று கிளைவிட்டு இறங்கும் ஒரு மரம். வருடத்துக்கு எத்தனை தடவை நடக்கலாம் என்று கிளைக்கு ஒரு எண். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்ததை சார் பார்த்துவிட்டு, "மரம் தலைகீழா நிக்குதேப்பா, வாஸ்துக்கு ஆகாது" என்று திருப்பி மாட்டச் சொன்னார். எழுத்தெல்லாம் தலைகீழாகி, விபத்து குப்பைக்கூடைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது.

போன வாரம் செவ்வாய் மதியம், ஷிப்ட் மாறும் நேரம். பேயாண்டி அண்ணன் மேல்தொட்டிக்கு ஆசிட் ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த ஷிப்ட் முத்திருளன் வந்ததும் "வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். முத்திருளனோ, அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து பம்பை நிறுத்துவார் என்று நினைத்து வேறு வேலைக்குப் போனார். ஆசிட் நிறைந்து, வழிந்து, பிளீச்சிங் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடையில் விழுந்தது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். அது என் மரத்தில் நாலாவது கிளை. நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டிருந்தேன். நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தேன்.

எல்லோரும் வெளியே ஓட, பஸ் ஸ்டாப்பில் வாடையை மோந்துவிட்டு உள்ளே ஓடிவந்தவர் அதே பேயாண்டி அண்ணன். ஈரத்துண்டை என் மூஞ்சியில் சுற்றி, காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டு, "எழுதுனது போதும் தம்பி, எந்திரி" என்றார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவது அவர் தயவு மாமா.

தொட்டி நிறைந்தால் அலாரம் அடிக்காதா என்று கேட்பீர்கள். அது சாரின் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. போன் பேச இடைஞ்சல் என்று ஆறு மாதத்துக்கு முன்பே வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். அதை விட்டுவிட்டு, "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் அண்ணன் வேலை போய்விடும். பதினாறு வருடம் அந்த ஆசிட்டில் நின்று கால் நகம் தேய்ந்துபோன மனுஷன். போறேன் என்று சொல்லியிருந்தால் இம்புட்டும் வந்திருக்காதே என்று அவரிடமே கேட்டேன்.

"ஆசிடு பக்கத்துல நின்னுக்கிட்டு எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? நீ சொல்லுவியா?"

இதற்கு என்ன எண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"ஒரு கையெழுத்துதானடா, போட்டுட்டுப் பொழப்பப் பாரு" என்று, சார் சொன்னதைக் கேட்டு நீங்களும் போனில் சொன்னீர்கள். உங்கள் பேச்சைத் தட்டவில்லை, போட்டுவிட்டேன். கையெழுத்துக்கு மேலே, "அலாரம் வயரைப் பிடுங்கச் சொன்னவர்" என்று நானே ஒரு கட்டம் போட்டு, அதில் சாரின் பெயரைத் தெளிவாக எழுதினேன். மற்றபடி கவலைப்படாதீர்கள். நீங்கள் வாங்கித் தந்த வேலையை ஒருக்காலும் விடமாட்டேன்.

அத்தையின் காலில் விழுந்ததாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் நல்ல காற்றை நூறு வருடம் சுவாசிக்க வேண்டும்.

என்றும் நன்றியுள்ள,
கார்த்திகேஷ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சார் அறிக்கையைப் படித்துக் கிழித்துவிட்டார். நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு நேற்றே பதிவுத்தபாலில் போய்விட்டது என்றேன். அரை மணியில் அலாரத்துக்கு வயர் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை அண்ணன் மேல் கை வைக்க மாட்டார்கள். வேலையை விடமாட்டேன் என்று மேலே எழுதியதை மன்னியுங்கள், என் ராஜினாமாவை உறையில் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். கிளம்பும்போது வாய் பழக்கத்தில் "வாரேன் சார்" என்றுவிட்டேன். அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. "காலைல வெள்ளன வா, வேற மாதிரி எழுதுவோம்" என்கிறார். மாமா, ஞாயிற்றுக்கிழமை பரமக்குடிக்கு வாரேன். இந்த வாரேனுக்கு அர்த்தம் வாரேன்தான். அத்தையிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.