உட்காரக் கூடாத நாற்காலிகள்

மைதானத்தில் முதல் ஆள் வந்து உட்கார்ந்ததுமே நாற்காலிக்காரர் பயந்துபோனார்.

நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் ஆளைக் கண்டு பயப்படுவது புதுமைதான். ஆனால் வந்திருந்த உத்தரவு அப்படி. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஆளுங்கட்சியைத் தவிர வேறு யாரும் ஜெயித்ததாக உயிரோடிருக்கும் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எதிர்த்து நின்றது ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்தான். அவருடைய கூட்டத்துக்கு நாற்காலியும் மைக்கும் ஏற்பாடு செய்ததே ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர்.

"இருநூறு சேர் போடு," என்று காலையில் கடைக்கே வந்து சொல்லியிருந்தார். "ஒருத்தனும் உக்காரக் கூடாது. டிவிக்காரங்க வந்து காலி சேரா படம் எடுத்துட்டுப் போவாங்க."

"யாராவது உக்காந்துட்டா, சார்?"

"உன் குடோன் யார் இடத்துல இருக்கு?"

"நகராட்சி இடங்க."

"அந்த ஞாபகம் இருந்தா போதும்."

குடோன் போனால் நாற்காலியை எல்லாம் வீட்டில்தான் அடுக்க வேண்டும். வீட்டில் நாற்காலி ஏறினால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில்தான் இறங்க வேண்டும். பாவம் தபால்காரரோ, இதெல்லாம் நாற்காலிக்காரரின் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டார்.

முதலில் உட்கார்ந்தவர் குடை வைத்திருந்த ஒரு பெரியவர். கடைசி வரிசையில் இடம் பிடித்து, நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்து ஒரு அம்மா வந்தாள். அவளும் அப்படியே பார்த்தாள். பின்னாலேயே இரண்டு இரண்டு பேராக வர ஆரம்பித்தார்கள்.

"மச்சான், சேர் மேல தண்ணி ஊத்துடா," என்றார் நாற்காலிக்காரர். வேன் ஓட்டுவதும் நாற்காலி இறக்குவதும் அவருடைய மைத்துனன்தான்.

மைத்துனன் வாளியோடு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டே போனான். வந்தவர்கள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். "வெயில் நேரத்துல சேரைக் குளிர வெச்சிருக்காங்க, பரவாயில்லையே," என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

"சேரைத் தூக்கிடுடா."

பாதி நாற்காலிகள் வேனில் ஏறின. மீதிப் பாதி ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. அதற்கு மேல் வந்தவர்கள் ஓரத்தில் நிற்க, இடம் போதாமல் ஜனம் அலைமோதுவது போலத் தெரிந்தது. நாற்காலிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செயலாளருக்குப் போன் போட்டார்.

"சார், உக்காரக் கூடாதுன்னு சேரை எடுத்தேன். நிக்கிறாங்க."

"உனக்கு அறிவிருக்கா? நின்னா இன்னும் பெரிய கூட்டமா தெரியும்யா. திரும்பப் போட்டுத் தொலை."

போட்டார். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். இருநூறும் நிறைந்துவிட்டது. இன்னும் வேண்டும் என்று வேறு கேட்டார்கள்.

கடைசியில் மைக் வயரைப் பிடுங்கிவிட்டார். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போவார்கள் என்று கணக்கு. தபால்காரருக்கு ஏற்கெனவே மெல்லிய குரல். மைக்கும் போனதும், சிதறிக் கிடந்த கூட்டம் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேடையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து டிவிக்காரர்களின் வண்டி வந்து நின்றது.

போன் அடித்தது. செயலாளர்தான்.

"டிவி வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். குடோன் விஷயம் காலையில பேசிக்கலாம்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதியான குரலைக் கேட்டபின் நாற்காலிக்காரர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கடைசி வரிசையில் குடைக்காரப் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து மேடைப் பக்கம் போனதில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் கூட்டத்தில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தார்.

மேடையில் தபால்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"போன தடவை என் தங்கச்சி ஒருத்திதான் உக்காந்திருந்தா. அவளும் பாதியில எழுந்து போயிட்டா. இன்னிக்கு இத்தனை பேர் வந்திருக்கீங்க. உங்களுக்கெல்லாம் பயமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுதுன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒழுகுதுன்னு சத்தமா சொல்ல ஒருத்தன் வேணும். அதுக்குத்தான் நிக்கிறேன். ஜெயிப்பேன்னு இல்ல."

ஒருவரும் அசையவில்லை. ஒரு கைதட்டல்கூட இல்லை. மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாற்காலிக்காரருக்குத் தோன்றியது. அவருடைய அப்பா போன மழையில் அந்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். கட்டிலை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் நகர்த்த இடமில்லாமல், ஒரு நனைந்த விடியலில் போய்ச் சேர்ந்தார். அதை இன்றுவரை அவர் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்கு மட்டும்தான் இந்த வயிற்றெரிச்சல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இங்கே இருநூறு பேர் இருக்கிறார்கள். தண்ணீரைத் துடைத்துவிட்டு உட்காருகிறார்கள், மைக்கை நிறுத்தினால் நெருங்கி வந்து கேட்கிறார்கள். இவர்களைப் போய் விரட்டினோமே என்று வெட்கமாக இருந்தது.

குடோன் போனால் போகட்டும் என்று நினைத்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கையையும் தூக்கி, பலமாகத் தட்டினார். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

இருநூறு தலைகளும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின.

குடைக்காரப் பெரியவர் நிம்மதியாக மூச்சு விட்டு, அவர் காதருகே சாய்ந்தார்.

"யார் யாரு வர்றாங்கன்னு பாத்துட்டு வாங்கன்னு என்னை வட்டச் செயலாளர் அனுப்புனாரு, அந்த அம்மாவை மகளிரணி அனுப்புச்சு, முன் வரிசை பூரா தொழிற்சங்கத்து ஆளுங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்ம கட்சி ஆளுங்களாவே இருக்காங்களே, போய்ச் சொல்ல ஒரு பேர்கூட இல்லையேன்னு இவ்வளவு நேரம் முழிச்சிட்டிருந்தோம், நல்லவேளை நீங்க கை தட்டுனீங்க."