ரெண்டாம் ஈத்து அண்ணாச்சியும் மஞ்சள் காரும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மரியாதை. ஒரு பொருளின் விலை பாதியாகக் குறைந்துவிட்டது என்றால், அது நான் வாங்குகிற விலைக்கு வந்துவிட்டது என்று நம்பியவன் நான். பனைமரத்தில் பாதி உயரமும் எனக்கு எட்டாது என்பது மண்டையில் ஏறவில்லை. நான் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதையும் வெட்கத்தோடு இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் செல்போனால் வந்த வினை. அதில் ஒருவர் தினமும் வந்து சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி விளக்குவார். பின்னால் கடல், பக்கத்தில் கார், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ‘ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை சரிய ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் பாதிக்கு வந்துவிடும். அப்போது வாங்குகிறவனே புத்திசாலி’ என்பார். என்னை யாரும் புத்திசாலி என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. தரையைத் தடவிக்கொண்டு ஓடுகிற, இரண்டே இருக்கை உள்ள ஒரு கார் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதுவும் எங்கே? சங்கரன்கோவிலில். வேகத்தடைகளுக்கு நடுவே இடம் மிஞ்சினால் கொஞ்சம் ரோடும் போட்டிருக்கிற ஊரில்.

எங்கள் ஊரில் பழைய வண்டி என்றால் ஒரே ஆள்தான். ரெண்டாம் ஈத்து அண்ணாச்சி. பிறந்ததிலிருந்து ஒரு பொருளையும் புதிதாக வாங்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அவர் மொபெட் மூன்று கை மாறி வந்தது. மூக்குக் கண்ணாடி யாரோ ஒரு வாத்தியாருடையது. தீபாவளிப் பட்டாசைத் தீபாவளிக்கு மறுநாள் வாங்குவார். பேப்பரைக்கூட முந்தின நாள் பேப்பராகத்தான் படிப்பார். ‘சூடு ஆறுன பொறவு படிச்சா சேதி ஒண்ணுதான வே, காசு மிச்சம்’ என்பார்.

ஆதியில் அவர் மாட்டுத் தரகர். மாடு குறைந்து கார் பெருகியதும் தொழிலை மாற்றிக்கொண்டார். ஆனால் முறையை மாற்றவில்லை. முதல் கன்று போட்ட தலையீத்துப் பசு உதைக்கும், மடியைத் தொட விடாது. ரெண்டாவது கன்று போட்டால் குணமும் தெரிந்துவிடும், பாலும் தெரிந்துவிடும். காரும் அப்படித்தான் என்பது அவர் சித்தாந்தம். முதல் ஆள் வாங்கி, உதை வாங்கி, பாதி விலையைத் தொலைத்துவிட்டு விற்க வரும்போது நாம் போய் நிற்க வேண்டும். அந்தப் பெயர் அப்படி வந்தது. அவருக்கு வைத்த சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கார் தரகருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு இவர் தெருவோரம் குத்தவைத்து அதன் நடையைப் பார்ப்பார். பிறகு கிட்டே போய், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி மேலெல்லாம் தடவிச் சுழி தேடுவார். காருக்குக் கீறல்தான் சுழி. சில கீறல் ராஜ சுழி, குடும்பம் விளங்கும். சில கீறல் பாடைச் சுழி, வாங்கினவன் திண்டாடுவான். ஒரு பல் டாக்டரின் காரைப் பின்சக்கரத்துக்கு மேலே பாடைச் சுழி இருக்கிறதென்று தள்ளிவிட்டார். டாக்டர் அந்த இடத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டு திரும்ப வந்தார். அண்ணாச்சி அசரவில்லை.

“சுழியச் செரைச்சுவிட்டுட்டா மாடு மாறிருமாய்யா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

விலை பேசுவதும் சந்தை வழக்கம்தான். தோள் துண்டை எடுத்துக் கைகளுக்கு மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார். இரண்டு விரலைப் பிடித்தால் ஒரு விலை, மூன்று விரலைப் பிடித்தால் ஒரு விலை. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. மதுரையில் இருந்த ஒரு வண்டிக்காரர் வீடியோ காலில் வந்தபோதும் இவர் விடவில்லை. செல்போனுக்கு மேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைக் காட்டினார். அந்த முனையில் மனிதர், ‘ஒரே இருட்டா இருக்குங்களே’ என்று கத்திக்கொண்டிருந்தார்.

துண்டுக்குள் சொன்ன விலை சத்தியம். மாற்றிச் சொன்னதோ, அடாத விலை கேட்டு, காடு கழனி வைத்திருக்கிற ஒரு சம்சாரியை அவமானப்படுத்தியதோ தன் வாழ்நாளில் இல்லை என்பதில் அண்ணாச்சிக்குப் பெருமை. அவருக்கு இருந்த சொத்தே அந்தப் பேர்தான். ஒரு வியாபாரம் வேண்டாம் என்று தோன்றினால், முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். “துண்டு ஈரமா இருக்கு” என்பார். அக்கினி வெயிலில், பானையில் வைத்த தண்ணீர் கொதிக்கிற நாளிலும் அந்தத் துண்டு ஈரமாக இருந்திருக்கிறது.

என் ஆசையை அவரிடம் சொன்னேன். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மஞ்சள் நிறத்தில் அப்படி ஒரு வண்டி நிற்பதும், விலை பாதிக்கு இறங்கியிருப்பதும் எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமலா? என்னை மேலும் கீழும் பார்த்தார், மாட்டைப் பார்க்கிற மாதிரி. என் மேல் எந்தச் சுழியைக் கண்டாரோ தெரியாது.

“துண்டு ஈரமா இருக்கு வே” என்றார்.

நான் விடுவேனா? நேரே தெற்கு ரத வீதிக்குப் போய்ப் புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன். பாம்பைப் பிடித்த மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். புதுசா என்று கேட்டார். முழு விலை கொடுத்தா வாங்கினீர் என்று கேட்டார். கடைசியில், வண்டி நிறுத்துகிற இடத்தை முதலில் காட்டும் என்று வீட்டுக்கு வந்தார்.

என் வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மனைவி கோமதி ரவிக்கை தைப்பவள். நல்ல கை. ஆனால் தையல் மிஷினுக்கு வீட்டில் இடம் அடுப்பங்கரைதான். அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவில். தாளிக்கும்போது கடுகு பட்டுப்புடவைத் துணி மேல் தெறிக்கும். மாடியில் ஒரு அறை கட்டி மிஷினை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவள் தைத்துத் தைத்துச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. அந்தப் பணத்தோடு ஒரு கடனும், ஊருக்கு வெளியே என் பேரில் கிடந்த ஒரு மனையும் சேர்ந்தால் மஞ்சள் கார். எவ்வளவு என்று எழுத மாட்டேன். கோமதி இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

அவளிடம் கேட்காமல் இல்லை. கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“வாங்குங்க. ரெண்டு சீட்டுத்தான? ஒண்ணுல நான் உக்காந்துக்கிடுதேன், ஒண்ணுல மிஷின வச்சுக்கிடுதேன்.”

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி வாசலைத் துண்டால் அளந்தார். கார் நுழையாது. காம்பவுண்டுச் சுவரை இடித்துவிடலாம் என்றேன். மாடிப்படி வருவதற்கென்று விட்டிருந்த இடத்தைக் காட்டி, இங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். கோமதி மிஷினிலிருந்து எழுந்து, திரும்பி, அதே இடத்தில் நின்று காப்பி போட்டுக் கொடுத்தாள். அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். வாயிலிருந்து நீளமாக ஒரு நீல நூலை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சக் காப்பியைக் குடித்தார். நூல் நல்ல உறுதி என்று மட்டும் கோமதியிடம் சொன்னார்.

மறுநாள் அவர் மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். என் புதுத் துண்டுதான் அவர் தோளில். எனக்குப் பாதி கார் கிடைத்த சந்தோஷம்.

அந்த மஞ்சள் கார் நின்ற இடம் மாட்டுத் தொழுவம். காருக்குச் சொந்தக்காரரான சம்சாரி தன் கரிசல் காட்டைச் சூரிய மின்சாரக்காரர்களுக்குக் கொடுத்ததில் கை நிறையப் பணம் வந்திருக்கிறது. மகன் சென்னைக்குப் போய் இந்தக் காரோடு திரும்பியிருக்கிறான். வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் கரிசல் பாதை. காருக்கும் தரைக்கும் இடைவெளி நாலு விரற்கடை. முதல் மழைக்கே மண் அதைப் பிடித்துக்கொண்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மகன் வெட்கப்பட்டுக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கார் தொழுவத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. அடியில் கோழி முட்டை வைத்திருந்தது. மேலே ஓர் ஆடு படுத்து, நடக்கிற வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது.

ஆட்டை இறக்கிவிட்டுச் சம்சாரி வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அது உறுமிய உறுமலில் கட்டுத்தறியில் நின்ற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுழிகூடப் பார்க்க வேண்டாம், முடித்துவிடுங்கள் என்று அண்ணாச்சியின் காதில் சொன்னேன்.

அவர் முதலில் என் கை மேல் துண்டைப் போட்டார். கடைசி விலை எதுவரை போகலாம் என்று விரலில் நான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். பதற்றத்தில் அவர் கை முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்து விரலும், உள்ளங்கையும், கொஞ்சம் மணிக்கட்டும். அவர் உள்ளே விடுவிக்கப் பார்க்கிறார், நான் விடவில்லை. துண்டு எலி புகுந்த சாக்கு மாதிரி குதித்தது. ஒருவழியாகக் கையை உருவிக்கொண்டு, அதே துண்டோடு சம்சாரியிடம் போனார்.

இருவர் கையும் துண்டுக்குள் மறைந்தன. ஒரு விநாடிதான். சம்சாரியின் முகம் கறுத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார்.

“என்னய்யா, மேல படுத்திருந்த ஆட்டுக்கா வெல கேக்கீரு? காருக்கில்லா கேக்கச் சொன்னேன். எந்திரிச்சுப் போரும்.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மொபெட்டை நோக்கி நடந்தார். தலை குனிந்து நடந்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழி நெடுக அவரைத் திட்டினேன். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டுவதில் ஒரு வசதி, முகம் தெரியாது. அவர், மேடு பள்ளம் வரும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னதோடு சரி.

அன்றைக்குச் சம்சாரியின் கோபம் அடங்குவதற்குள் சேதி ஊர் ஊராகப் பரவிவிட்டது. அத்தனை பெரிய காருக்கு ஒரே ஒரு விரலைப் பிடித்து விலை கேட்டாராம் தரகர். குருவிகுளம் பக்கம் ரெண்டாம் ஈத்து என்ற பேர் போய் ‘ஒத்த விரல்’ என்று ஆகிவிட்டது. அவர் டீக்கடைக்கு வந்தால் யாராவது ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பேரைச் சங்கரன்கோவில் வரை கொண்டுவந்து சேர்த்த தொண்டு முழுக்க என்னுடையது. அவரை எங்கு பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோமதி இதில் நேரத்தை வீணாக்கவில்லை. நான் கோபத்தில் படுத்துக்கிடந்தபோதே லாரியை வரவழைத்து, கார் நிறுத்த இருந்த இடத்தில் செங்கலை இறக்கிவிட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் மாடியறை எழும்பிவிட்டது. மிஷின் மேலே போனது. காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, துணியில் கடுகு தெறிப்பதில்லை. கூட இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்கள். சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிற என்னைவிட அவள் வரும்படி அதிகம் என்று ஊர் பேசுகிறது. ஊர் சொல்வது எப்போதும் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை.

போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். மஞ்சள் கார் சம்சாரி. என்னை அடையாளம் கண்டதும் சிரித்தார். அறையைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு கோமதியிடம் கேட்டார்:

“ஏம்மா, உங்க வீட்டுக் காப்பியிலதான நூலு கெடந்துச்சு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். நாங்கள் போன மறுநாள் காலையில் அண்ணாச்சி தனியாகத் திரும்பவும் போயிருக்கிறார். தொழுவத்து வாசலில் நின்று, பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்த நீல நூலை எடுத்துக் காட்டி, ‘அந்தப் பிள்ளை அடுப்பங்கரையில கெடந்து தைக்கி. இந்தக் கிறுக்கன் என் கையப் பிடிச்ச பிடிக்கு வீட்டையே வித்திருவான். ஒத்த விரலத் தொட்டாத்தான் நீரு வெரட்டுவீருன்னு தொட்டேன்’ என்றிருக்கிறார். பிறகு நாகர்கோவிலில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்து நியாயமான விலைக்கு வண்டியை விற்றும் கொடுத்திருக்கிறார். தரகு வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

“ரவிக்கைக்கு அளவு குடுக்க வந்த இடத்துல வாயி நிக்கல” என்று சம்சாரி முடித்துக்கொண்டார். போகும்போது, அந்த நாகர்கோவில்காரரும் இப்போது வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார், விலை இன்னும் பாதியாகிவிட்டது என்று ஒரு சேதியும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி இப்போது பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன். நம்பர் போய், அவர் குரல் வந்தது. மாடியில் மிஷின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, அந்த மஞ்ச வண்டி இன்னும் பாதியா எறங்கிட்டாம். ஒரு எட்டுப் போயிப் பாப்பமா?”

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு துண்டும் ஈரமா இருக்கு வே.”